கொழும்புக்குப் போகாத கிணறு

என் கிணறு பல்லேபொலைப் பக்கம் இருக்கிறது. அதில் டீசல் கலந்ததும் அங்கேதான். டீசலைக் கசியவிட்ட ஜெனரேட்டர், அதனால் செத்துப்போன மிளகுக் கன்றுகள், அந்த நாற்றத்தை மோந்து பார்த்து முகம் சுளித்த அயலவர்கள், எல்லாமே ஒரு கூப்பிடு தூரத்துக்குள். ஆனால் இந்தக் கிணற்றைப் பற்றிய வழக்கைக் கொழும்பில், மூன்று பேருக்கு முன்னால், இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று ஒரு காகிதம் சொன்னது. அந்தக் காகிதத்தை அதுவரை நான் வாசித்தது கூட இல்லை. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

எங்கள் வாப்பா மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்றவர். மௌத்தாவதற்கு முன் காணியை இரண்டாகப் பிரித்து உறுதிப் பத்திரம் எழுதி வைத்தார். மேட்டில் இருக்கும் துண்டு நானாவுக்கு, அதாவது என் மூத்த சகோதரருக்கு. பள்ளத்தில் இருக்கும் துண்டும், வீடும், கிணறும் எனக்கு. என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். நான் கிணற்றடியில் பந்தல் போட்டு மிளகுக் கன்று வளர்த்து விற்கிறேன். கணு பார்த்துக் கொடி வெட்டி, பையில் மண் நிரப்பி நட்டு, ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாவுல, தம்புள்ளைப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போவார்கள். கொண்டுபோன கன்று பட்டுப்போனது என்று இன்றுவரை ஒருவரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டின் மூத்த ஆண் போடுகிற கையெழுத்து எல்லோருக்குமான கையெழுத்து. வாப்பா இருந்தவரை வாப்பா போட்டார். அவருக்குப் பிறகு நானா. பாடசாலையில் என்னைச் சேர்த்தபோதும், பிறகு பாதியில் நிறுத்தியபோதும் வாப்பாதான் போட்டார். என் காவின் எழுதிய அன்றும் அப்படித்தான். கல்யாண இடாப்பில் வாப்பாவும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைத்தார்கள். நான் உள்ளறையில் புதுச் சேலையோடு உட்கார்ந்து, வெளியே ஆண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்கே என் கையெழுத்து வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு டவருக்கு எதற்கு வேண்டும்?

தொலைபேசிக் கம்பனி ஒன்று நானாவின் மேட்டில் டவர் கட்டக் கேட்டு வந்தது. ஒப்பந்தம் எழுத இரண்டு பேர் வந்த அன்று, மதினிக்குச் சுகமில்லை என்று தேத்தண்ணி ஊற்ற என்னை மேலே கூப்பிட்டார்கள். போனேன். நானா வியாபாரக் குடும்பத்து ஆள். வாடகையைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் விடாமல் பேசினார். வெட்ட வேண்டிய பலா மரத்துக்கும் தனியாக வாதாடினார். ஆனால் கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது ஒரு வரியைக் கூட வாசிக்கவில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாமல் இல்லை. நல்ல காரியம் பேசும் இடத்தில் சண்டை வந்தால் என்ன செய்வது என்று வாயெடுத்தால் இறைவன் தரும் பரகத் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கம்பனிக்காரர்களுக்கு அப்படி ஒரு பயமும் இல்லை. வரப்போகும் சண்டையை அவர்கள் முன்கூட்டியே அச்சடித்துக் கையோடு கொண்டு வந்திருந்தார்கள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டேன்.

"ஜெனரேட்டர எங்க வைக்கப் போறாங்க, நானா? மழ பேஞ்சா தண்ணி எங்கட பக்கம்தானே ஓடி வரும்?"

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீ தேத்தண்ணிய கொண்டா."

கொண்டுபோய் வைத்தேன். நானா பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போதெல்லாம் எனக்கு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்திருந்தது.

பிறகு நாடு முழுக்கக் கரண்ட் வெட்டிய காலம் வந்தது. மேட்டில் ஜெனரேட்டர் மணிக்கணக்காக ஓடியது. லொறியில் டீசல் கொண்டு வந்து ஊற்றிப் போனார்கள். அந்த வருஷத்து மழை முடிந்த கையோடு ஒரு நாள் காலையில் பிளேன்டீயை வாயில் வைத்தேன். லொறி கராஜுக்குள் நின்று குடிப்பதைப் போல ஒரு வாடை. வாளியில் தண்ணீர் இறைத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். மேலே எண்ணெய் மினுங்கியது. ஒரு மாதத்துக்குள் கன்றுகளின் இலைகள் மஞ்சளாகித் தலை தொங்கின. பந்தலில் பாதிக்கு மேல் போய்விட்டன. நான் வளர்த்தவை என் கண்முன்னே சாவதைப் பார்த்து, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன். அவர் மோந்து பார்த்தார், கம்பனிக்குப் போன் பண்ணினார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஒப்பந்தத்தின் இருபத்திரண்டாம் பிரிவின்படி, இந்தக் காணியை ஒட்டி எழும் எந்தப் பிணக்கும் நீதிமன்றத்துக்கு வெளியே, கொழும்பில் நடுத்தீர்ப்பு மூலம் மட்டுமே தீர்க்கப்படும். நடுத்தீர்ப்பாளர்கள் மூவர். மொழி ஆங்கிலம். செலவு இரு தரப்புக்கும் பாதிப் பாதி. கிணறு என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் இருக்கவில்லை.

"கம்பனியோட மோத ஏலாது, தங்கச்சி," என்றார் நானா. "கொழும்புக்குப் போய் அவங்கட ஆக்களுக்கு முன்னால நின்னு இங்கிலீஷ்ல கதைக்க நம்மளால முடியுமா? விடு. நான் உனக்குக் குழாய்த் தண்ணிக்கு வழி பாத்துத் தாறேன்."

"கன்டுக்கு ஊத்துறதுக்கும் குழாய்லயா வழி பாப்பீங்க?"

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? கையெழுத்து வச்சாச்சி."

வைத்தாச்சு. யார் வைத்தது? அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். நானா வைத்தால் நானும் வைத்தது போலத்தான் என்று நானே நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் மாத்தளையில் இருக்கும் ஒரு பெண் சட்டத்தரணி. என் வயதுதான் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். ஒப்பந்தப் பிரதியை நானாவின் அலுமாரியிலிருந்து மதினி எனக்கு இரகசியமாக எடுத்துத் தந்திருந்தார். சட்டத்தரணி அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினார்.

"இதுல இருக்கறது யாரு கையெழுத்துங்க, அக்கா?"

"நானாட."

"உங்களது எங்க?"

"என்னைய யாரு மிஸ் கேட்டா? நான் தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன்."

அவர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கெணறு யாரு பேருல இருக்கு?"

"என் பேருல. உறுதி இருக்கு."

"அப்புறம் நீங்க எதுக்குங்க கொழும்புக்குப் போறீங்க? கையெழுத்துப் போட்டவருக்குத்தான் இந்தப் பிரிவு. நீங்க போடல. உங்க கெணறு மாத்தளையில, உங்க வழக்கும் மாத்தளையில."

வாழ்நாள் முழுக்க என்னைக் கேட்காமல் போட்ட கையெழுத்துகள் ஒவ்வொன்றாக மனதில் ஓடின. அத்தனையும் என் கழுத்தில் கட்டிய கயிறு என்றுதான் நினைத்திருந்தேன். இந்த ஒன்று மட்டும் என் கழுத்தில் விழவேயில்லை. என்னை ஓர் ஆளாக எண்ணிக் கேட்டிருந்தால், நானும் பயந்துபோய், நானா சொன்ன இடத்தில் போட்டிருப்பேன். எண்ணாமல் விட்டதால் தப்பினேன். சந்தோஷப்படுவதா ஆத்திரப்படுவதா என்று தெரியாமல் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

சட்டத்தரணி அனுப்பிய கடிதம் கிடைத்ததும் கம்பனிக்குக் கிணறு திடீரென்று ஞாபகம் வந்துவிட்டது. ஒரு அதிகாரி நேரிலேயே வந்தார். பின்னால் ஒரு சின்ன லொறியில் பெரிய நீலத் தண்ணீர் டேங்க். நானாவும் கூடவே வந்தார். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து தருவார்களாம். டேங்க் இலவசமாம். ஒரு பக்கக் காகிதத்தில் நான் கையெழுத்து வைத்தால் போதுமாம். அதிகாரி மரியாதையான மனிதர். பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் கையெழுத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்டார்.

நான் வாசித்தேன். மெதுவாக, விரல் வைத்து வாசித்தேன். லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். நானா தொண்டையைக் கனைத்தார். நான் அவசரப்படவில்லை. கடைசி வரியில் இருந்தது விஷயம். மூல ஒப்பந்தத்தின் சகல நிபந்தனைகளுக்கும் நானும் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருந்தது.

"இந்த வரி எதுக்கு, சேர்?"

"அது சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி, மிஸ்."

"சும்மான்னா வெட்டிருங்க. வெட்டினா இப்பவே வைக்கிறேன்."

அவர் வெளியே போய்க் கொழும்புக்குப் போன் பண்ணினார். மேட்டு டவர் பக்கத்திலேயே இருந்ததால் சிக்னலுக்குக் குறைவில்லை. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. அந்த வரியை மட்டும் வெட்ட முடியாதாம்.

"அப்ப டேங்கையும் கொண்டு போங்க," என்றேன்.

லொறி திரும்பிப் போனது. நானா போகவில்லை. முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீரைத் துரத்தி விட்டேனாம். அவர் கொடுத்த வாக்கை ஊர் சிரிக்க வைத்தேனாம். வாப்பா ஹயாத்தாக இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்றார்.

"நடக்காதுதான்," என்றேன். "வாப்பா இருந்திருந்தா எனக்கும் சேத்து அவரே வச்சிருப்பாரு. இப்ப நான் இருக்கேன். நான் வைக்கல்ல. வைக்கவும் மாட்டேன்."

அடுத்த வாரமே கம்பனி மேல் வழக்குப் போட்டேன். அதன் பிறகு நாலு மாதம் நானா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ரோட்டிலிருந்த பொதுக் குழாயில் வாளி வாளியாகச் சுமந்து மிச்சக் கன்றுகளுக்கு ஊற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. குவைத்திலிருந்து கணவர் தினமும் பேசினார். டவரின் மேல் வழக்குப் போட்டுவிட்டு அதே டவரில் மணிக்கணக்காகக் கதைக்கிறாளே என்று அயல் பெண்கள் கேலி செய்தார்கள். ஆமாம், கதைத்தேன். டவரோடு எனக்கு என்ன சண்டை? டீசலைக் கிணற்றில் விட்டுவிட்டு, அதைக் கேட்க என்னைக் கொழும்புக்கு வா என்றார்களே, சண்டை அதனோடுதான்.

வழக்கு மாத்தளை நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டதும் கம்பனியின் சட்டத்தரணி கொழும்பிலிருந்து வந்து ஆட்சேபித்தார். இது கொழும்பில் நடுத்தீர்ப்புக்குப் போக வேண்டிய விஷயம், இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். வாதியின் கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, ஒரே குடும்பம், சகோதரிக்கு எல்லாம் தெரியும், சகோதரர் அவருக்காகவும் சேர்த்தே போட்டார், அதற்குச் சத்தியக்கடதாசி தருகிறோம் என்றார். அதைச் சத்தியம் செய்து தர வேண்டியவர் நானா.

சில நாள் கழித்து, அசர் தொழுத கையோடு, நானா என் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கம்பனி எழுதிக் கொடுத்தது. கீழே கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. டவர் ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வருகிறது, இதைப் போடாவிட்டால் வேறு இடம் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்களாம்.

"நான் உன்கிட்ட கேட்டேன்தானே?" என்றார். "அன்னைக்கி. சும்மா ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன்தானே?"

"கேட்டீங்களா?"

எனக்குப் பயமாக இருந்தது. என் வழக்கு முழுவதும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. அவர் பொய்ச் சத்தியம் செய்தால் என் கிணறு கொழும்புக்குப் போய்விடும். கெஞ்சலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கெஞ்சவில்லை. கெஞ்சி வாங்கும் உண்மை எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"அல்லாவ முன்ன வச்சி எழுதணும்," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "கேக்கல்ல. கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

காகிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தியக்கடதாசி நீதிமன்றத்துக்கு வரவேயில்லை.

உத்தரவு நாளன்று நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. எங்கள் வழக்கு வர மத்தியானமாகிவிட்டது. நீதிபதி சிங்களத்தில் வாசித்தார். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அந்த உடன்படிக்கையில் வாதி ஒரு தரப்பினர் அல்லர், அதன் இருபத்திரண்டாம் பிரிவு அவரைக் கட்டுப்படுத்தாது, ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது, வழக்கு இங்கேயே விசாரிக்கப்படும். என் சட்டத்தரணி திரும்பிப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினார். எனக்கு எழுந்து நின்று கூவ வேண்டும் போல இருந்தது.

அடுத்த தவணைக்குத் திகதி குறிக்கும்போது கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார். தாங்கள் கொழும்பிலிருந்து வருவதாகச் சொன்னார். விடியுமுன் புறப்பட்டு, கடுகண்ணாவை ஏறி, கண்டி நெரிசலில் மாட்டி, சாட்சிகளையும் கோப்புகளையும் சுமந்துகொண்டு ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு தூரம் வருவது நியாயமற்ற சிரமம், ஒரு நாள் முழுதாகப் போய்விடுகிறது, நீதிமன்றம் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது. பொலிஸ்காரர் என்னை முறைத்தார். நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அந்த அம்மாவுக்கு என்ன சிரிப்பு என்று கேட்டார். என் சட்டத்தரணி என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்ததையும் மீறி எழுந்து நின்றேன். சிங்களத்தில் தெளிவாகவே சொன்னேன்.

"ஐயா சொன்னது எல்லாம் உண்மைதான், சேர். தூரம்தான், கஷ்டம்தான், நியாயமே இல்லைதான். இதைத்தான் நான் கம்பனிக்கு ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். பிறகு, கிணற்றை நேரில் பார்க்க வேண்டும் என்றும், இரு தரப்பும் அன்று அங்கே இருக்க வேண்டும் என்றும் சொல்லித் திகதியைக் கொடுத்தார்.

வெளியே வந்து படியிறங்கும்போது கம்பனியின் சட்டத்தரணி என்னிடம் வந்தார். கையில் டயரியும் பேனாவும். கோட்டுக்குள் வியர்த்திருந்தது. பல்லேபொலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வாகனம் எதுவரை போகும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு வளைவாக நின்று நிதானமாகச் சொன்னேன். அவர் எழுதி முடித்து நன்றி சொன்னார்.

"குடிக்கத் தண்ணி கொண்டு வாங்க, சேர்," என்றேன். "எங்கட கிணத்துல குடிக்க ஏலாது."